மிளகு மணமும் மதுக் கிண்ணமும்

சித்திரை பிறந்து பத்து நாளாகிவிட்டால் சேலம் நகரத்தில் இரண்டு வகை ஜனங்களே உண்டு: ஏற்காட்டுக்குப் போகிறவர்கள், போகிறவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள். பள்ளிக்கூட உபாத்தியாயர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள். ஆயினும் கோடை விடுமுறை என்னும் பாக்கியம் நமக்கு இருப்பதால், அழைப்பதற்கு ஒரு நண்பர் மட்டும் அகப்பட்டுவிட்டால், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து முதல் வகையில் சேர்ந்துகொள்ளத் தடை ஒன்றுமில்லை.

மலைமேல் போகிறவர்கள் பகலில் ஏரியைச் சுற்றுகிறார்கள். கிளியூர் அருவியில் கோடையில் தண்ணீர் இல்லையே என்று குறைப்படுகிறார்கள். இரவானால் விருந்து. அண்மைக் காலமாக இவ்விருந்துகளில் ஒரு புது நாகரிகம் தலைகாட்டியிருக்கிறது. "ஸிரா" என்ற செந்திராட்சை மதுவைக் கண்ணாடிக் கிண்ணங்களில் சிறிது சிறிதாக ஊற்றி, புகையூட்டிய மீன், இறைச்சி, பாலாடைக்கட்டி முதலியவற்றுடன் ருசி பார்ப்பதே அது. மூக்கை உள்ளே விட்டு முகர்வதும், கிண்ணத்தைச் சுழற்றுவதும், கண்ணை மூடிக்கொண்டு ஏதேதோ பழங்களின் பெயரைச் சொல்வதும் அச்சடங்கின் அங்கங்கள்.

வாசகர்கள் திடுக்கிட வேண்டாம். நாம் மதுவுக்கு விளம்பரம் எழுத வரவில்லை. ஆனால் ஒரு வஸ்துவை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ முன்னால் அது இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நாம் வகுப்பறையில் நாள்தோறும் சொல்லும் பாடம். அதை நமக்கும் பொருத்திப் பார்ப்பதுதான் முறை.

ஸிரா என்பது ஒரு கருந்திராட்சை வகையின் பெயர். ஆஸ்திரேலியாவில் இதையே "ஷிராஸ்" என்கிறார்கள். பெயரைக் கேட்டதும் பாரஸீகத்து ஷிராஸ் நகரத்திலிருந்து வந்ததென்று நெடுங்காலம் கதை சொல்லி வந்தார்கள். 1998-ம் வருஷத்தில் மரபணுச் சோதனை அந்தக் கதையை முடித்துவைத்தது. இதன் தாய் தந்தையர் தென்கிழக்குப் பிரான்ஸைச் சேர்ந்த இரண்டு எளிய திராட்சைக் கொடிகளே என்று அமெரிக்க, பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து நிரூபித்துவிட்டார்கள். ரோன் நதிக்கரையே இதன் பிறந்தகம். 1832-ல் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவிலிருந்து சேகரித்து அனுப்பிய கொடிகளுடன் இது ஆஸ்திரேலியாவை அடைந்து, அங்கே வேரூன்றிக் கொண்டது. இப்போது நம் தேசத்திலும் நாசிக் பக்கத்துத் தோட்டங்களிலும் பெங்களூருக்கு அருகே நந்தி மலையடிவாரத்திலும் இதைப் பயிரிடுகிறார்கள்.

இதைப் புகையூட்டிய உணவுடன் சேர்ப்பதற்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. மரம் புகையும்போது அதிலுள்ள லிக்னின் என்னும் பொருள் சிதைந்து, குவாயகால் முதலிய வாசனைப் பொருள்கள் பிறக்கின்றன. புகை மணம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். மதுவை வைக்கும் ஓக் மரப் பீப்பாய்களின் உட்புறத்தை நெருப்பில் வாட்டுவது வழக்கமாகையால், அதே பொருள் மதுவிலும் சிறிது இறங்குகிறது. தட்டிலுள்ள புகையும் கிண்ணத்திலுள்ள புகையும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. மேலும் இம்மதுவில் துவர்ப்பு அதிகம். கடுக்காயைக் கடித்தால் நாக்கு வறள்கிறதல்லவா? அந்தத் துவர்ப்பு உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்வதே வறட்சிக்குக் காரணம். கொழுப்பும் புரதமும் நிறைந்த உணவுடன் சேரும்போது அந்த உறுத்தல் தணிகிறது. மேனாட்டார் துவர்ப்பைத் தனிச் சுவையாக எண்ணுவதில்லை. நாமோ அதை அறுசுவையில் ஒன்றாக வைத்திருக்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் நம் நாக்குக்கு முன்னரே பயிற்சி இருக்கிறது.

ஆனால் நம் சமையலுக்கும் இதற்கும் ஒரு ஜன்மப் பகை உண்டு. மிளகாயின் எரிச்சலை உணரும் நரம்புகளையே சாராயச் சத்தும் தூண்டுகிறது. ஸிராவிலோ அச்சத்து நூற்றுக்குப் பதின்மூன்று முதல் பதினைந்து வரை இருக்கும். ஆகையால் காரசாரமான குழம்பைச் சாப்பிட்டுவிட்டு இதை அருந்துகிறவர், நெருப்பை அணைக்க எண்ணெய் ஊற்றியவர் ஆவார்.

இனி மிளகின் கதைக்கு வருவோம். ஸிராவை ருசித்தவர்கள் "மிளகு வாசனை வருகிறது" என்று வெகு காலமாகச் சொல்லி வந்தார்கள். கேட்டவர்கள் இதை வெறும் அலங்காரப் பேச்சென்றே நினைத்தார்கள். 2008-ல் ஆஸ்திரேலிய மது ஆராய்ச்சி நிலையத்தார் அதன் மர்மத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். "ரோட்டன்டோன்" என்ற ஒரே பொருள் ஷிராஸ் திராட்சையின் மிளகு மணத்துக்கும், நம் கருமிளகு, வெண்மிளகின் மணத்துக்கும் காரணமாயிருக்கிறது. (மிளகின் காரத்துக்குக் காரணம் வேறு: அது பைப்பரின் என்னும் பொருள், 1819-லேயே டென்மார்க் தேசத்து விஞ்ஞானி எர்ஸ்டெட் அதைப் பிரித்தெடுத்துவிட்டார்.) செந்திராட்சை மதுவில் இந்த ரோட்டன்டோன் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுகொள்கிறதாம். கணக்குப் பாடத்தில் ஊக்கமுள்ள வாசகர்கள் போட்டுப் பார்க்கலாம்: ஒரு கிராமை ஏறக்குறைய ஆறே கால் கோடி லிட்டரில் கரைத்தாற் போன்றது!

இதைவிட அதிசயம் ஒன்று உண்டு. அந்த ஆராய்ச்சியில் மோந்து பார்த்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்கு, எத்தனை மடங்கு அதிகமாகத் தண்ணீரில் கலந்து கொடுத்தும், அந்த மணம் புலப்படவே இல்லை. அவர்கள் மூக்கில் குறை ஒன்றுமில்லை. இந்த ஒரு மணத்துக்கு மட்டும் அது செவிடு.

சென்ற கோடையில் கிளியூரில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வீட்டு விருந்தில் இதை நேரில் காண வாய்த்தது. ஆஸ்திரேலியாவில் உத்தியோகம் பார்க்கும் அவருடைய மருமகப் பிள்ளை ஒரு ஷிராஸ் புட்டியுடன் வந்திருந்தார். வெளியே முற்றத்தில் விறகுப் புகையில் மீனும் கத்திரிக்காயும் வாடிக்கொண்டிருந்தன. குடிக்கிறவர்கள் குடிக்கலாம், மற்றவர்கள் முகர்ந்தால் போதும் என்பது ஒப்பந்தம். கிண்ணம் கைமாறிக் கைமாறிச் சென்றது. நண்பரின் தாயார் எண்பது வயதைத் தாண்டியவர், கிண்ணத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டே, "இதென்னடா மாப்பிள்ளை, மிளகு ரஸம் கொதிக்கிற வாசனை அடிக்கிறதே!" என்றார். மருமகப் பிள்ளை பிரமித்துப் போய், "பாட்டி, இதைச் சொல்வதற்கு அங்கே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள்" என்றார். நம் நண்பரோ தம் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றி முப்பது வருஷமாய் அறுவடை செய்கிறவர். அவர் மூன்று முறை மோந்தும், "ஒன்றும் தெரியவில்லையே, அம்மா!" என்று கையை விரித்துவிட்டார். மிளகில் வேறு பல வாசனை எண்ணெய்களும் இருப்பதால் தம் சரக்கை அவர் நன்றாக அறிவார். மதுவில் தனித்து நின்ற அந்த ஒன்று மட்டும் அவருக்கு அகப்படவில்லை.

இந்த உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. ஈராயிரம் வருஷங்களுக்கு முன்னால் சேர நாட்டு முசிறியிலிருந்து மிளகு மேற்கே போயிற்று. யவனர் கப்பல்களில் மது கிழக்கே வந்தது. 1945-ல் ஸர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் தோண்டியபோது, அம்மதுவைக் கொண்டுவந்த சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. எகிப்தில் செங்கடல் கரையிலுள்ள பெரனிகே துறைமுகத்திலோ, ஒரு கோவிலின் தரைக்குள் புதைந்திருந்த நம் நாட்டு ஜாடியில் சுமார் ஏழரை கிலோ மிளகு அப்படியே இருக்கக் கண்டார்கள். அன்று மிளகைக் கொடுத்து மதுவை வாங்கினார்கள். இன்று மிளகு மணத்துக்காகவே மதுவை வாங்குகிறார்கள்!

இங்கேதான் நம் சிந்தனை சற்றுத் தடுக்கி நிற்கிறது. சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சவுக்கு மரத்தின் தூரத்து உறவு போல் நெடிது நிற்கும் வெள்ளி ஓக் மரங்கள் ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி படர்ந்திருக்கிறது. அதன் கீழே காப்பி. சேலம் ஜில்லாக் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820-ஐ ஒட்டிய வருஷங்களில் காப்பிச் செடியை இம்மலைக்குக் கொண்டுவந்தார். இரு நூறு வருஷங்கள் ஆகிவிட்டன. இருந்தும் "சேர்வராயன் மலைக் காப்பி" என்று பெயர் கேட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேர்?

காரணம் உண்டு. 1942-ல் ஏற்பட்ட காப்பிச் சட்டத்தின்படி, விளைந்ததையெல்லாம் காப்பி போர்டின் பொதுக் குவியலில் சேர்த்துவிட வேண்டியிருந்தது. யுத்த காலத்தில் விலை வீழ்ச்சியிலிருந்து விவசாயிகளைக் காப்பாற்றிய ஏற்பாடு அது; அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் குவியலில் போடும் காப்பிக்கு ஊர்ப் பெயர் ஏது? 1990-களில் படிப்படியாகத் தளர்ந்து 1996-ல் அம்முறை முடிவுற்றது. 2019-ல் குடகு, வயநாடு, சிக்கமகளூர், அரக்குப் பள்ளத்தாக்கு, பாபாபூதன் கிரி என்னும் ஐந்து இடத்துக் காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் நம் மலை இல்லை.

பிரான்ஸ் தேசத்திலோ ரோன் நதிக்கரையில் "ஹெர்மிட்டாஜ்" என்றொரு குன்று இருக்கிறது. நானூறு ஏக்கருக்கும் குறைந்த பரப்புத்தான். அங்கே விளையும் ஸிராவைத் தவிர வேறெதையும் அப்பெயரால் விற்கக் கூடாதென்று சட்டம் காவல் நிற்கிறது. வெண்மதுவுக்குரிய வேறு இரண்டு திராட்சைகளுக்கு மட்டும் விலக்கு. அந்தச் சட்டப் பாதுகாப்பு ஏற்பட்ட வருஷம் 1937.

சேலத்துக்காரர்கள் இந்த வருஷத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். அதே 1937-ம் வருஷம் அக்டோபர் முதல் தேதியன்றுதான் ஸ்ரீ ராஜாஜியின் அமைச்சரவை, சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக, சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமல் செய்தது. ஹெர்மிட்டாஜ் என்றால் தவசியின் குடில், அதாவது ஆசிரமம் என்று பொருள். ஓர் ஆசிரமம் தன் பெயரை மதுவுக்குக் கொடுத்த அதே வருஷத்தில், 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆசிரமம் அமைத்தவர் மதுக்கடைகளை மூடினார். அந்த ஆசிரமத்திலிருந்துதான் 1929-ல் ராஜாஜியை ஆசிரியராகவும் கல்கியைத் துணையாகவும் கொண்டு "விமோசனம்" என்ற மதுவிலக்குப் பத்திரிகை வெளிவந்தது. கள்ளுக்கடை வருமானத்தை இழந்த கஜானாவை நிரப்ப 1939-ல் பொது விற்பனை வரி என்னும் புதுமை வந்தது.

அப்புறம் நடந்தது வாசகர்களுக்குத் தெரியும். யுத்தத்தின் நடுவே மதுவிலக்கு நின்றுபோயிற்று. 1946-ல் மறுபடி தொடங்கி 1948-ல் மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971-ல் கடைகள் திறக்கப்பட்டன. பிறகு மூடுவதும் திறப்பதுமாகச் சில காலம் கழிந்தது. 1983-ல் டாஸ்மாக் என்னும் அரசாங்கக் கழகம் மொத்த வியாபாரத்துக்கும், 2003-ல் சில்லறை வியாபாரத்துக்கும் பொறுப்பேற்றது. மதுவுக்குப் பதிலாக வந்த வரியும் போகவில்லை. பெயர் மாறி இன்றும் இருக்கிறது. போன மதுவும் திரும்பி வந்துவிட்டது.

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச் சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் மாண்டார்கள். பலரைச் சேலம் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். மெத்தனால் உடலுக்குள் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை முதலில் கெடுக்கிறது; பிறகு உயிரை எடுக்கிறது. மாண்டவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்கிறவர்கள். கிண்ணத்தைச் சுழற்றி முகர்ந்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

"அதுவும் இதுவும் ஒன்றா? ருசி அறிதல் வேறு, போதை வேறு" என்று மருமகப் பிள்ளை நம்மிடம் வாதாடினார். படித்த பிள்ளை, மரியாதையாகவே பேசினார். அவர் பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. நூறு வகை மதுவை ஒரே நாளில் சோதிக்கும் நிபுணர்கள் ஒரு வாய் கூட விழுங்குவதில்லை, ருசித்துவிட்டுத் துப்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு அது வித்தை. ஆனால் விருந்தில் துப்பியவர் எவரையும் நாம் கண்டதில்லை. அன்றைக்கும் முதற் கிண்ணத்தில் பழத்தின் பெயர்களைச் சொன்னவர்கள், மூன்றாவது கிண்ணத்தில் பழைய வழக்குகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்நேரத்தில் பின்கட்டில் வேறொரு பேச்சு நடந்தது. முற்றத்தில் விறகு தள்ளிக்கொண்டிருந்த தோட்டத்துக் காவற்காரனின் மனைவி, நண்பரின் மனைவியிடம் வந்து மெல்லிய குரலில் சொன்னாள்: "அம்மா, இந்த வாரக் கூலியை அவர் கையிலே குடுத்துடாதீங்க. எங்கிட்டக் குடுங்க. பள்ளிக்கூடம் தெறக்கப் போவுது."

அவ்வளவுதான். அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. விருந்தாளிகள் குடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆயினும் மருமகப் பிள்ளையின் வாதத்துக்கு அதைவிட நல்ல பதிலை நாம் சொல்லியிருக்க முடியாது. எஜமானர் வீட்டு மேஜையில் கலையாக இருப்பது, காவற்காரன் கையில் வியாதியாக இருக்கிறது. வேலி தாண்டும்போது பெயர்தான் மாறுகிறது; புட்டியிலிருப்பது மாறுவதில்லை. அவன் நம்மைப் பார்த்துக்கொண்டே விறகு தள்ளுகிறான் என்பதையும் மறந்துவிடலாகாது.

ஆகவே ருசி அறியும் கலை வேண்டாமா? கட்டாயம் வேண்டும். நம் அபிப்பிராயத்தில், மூக்கையும் நாக்கையும் பழக்குவது கண்ணையும் காதையும் பழக்குவது போலக் கல்வியில் ஒரு பகுதி. அதற்கு மது அவசியமில்லை என்பதே நாம் சொல்வது. ருசியாளர்கள் மதுவுக்குச் செய்யும் அத்தனை சடங்குகளையும் காப்பிக்கும் செய்கிறார்கள். கோடையில் மலைக்குப் போகும் குடும்பங்கள் ஓர் இரவு இதைச் செய்து பார்க்கலாம்.

மலையில் மூன்று அல்லது நாலு தோட்டத்துக் காப்பிக் கொட்டையைத் தனித்தனியே வாங்கி, ஒரே பக்குவமாக வறுத்து, கொரகொரப்பாக அரைத்துக்கொள்ள வேண்டும். சிக்கரி கூடாது. ஒவ்வொரு கிண்ணத்திலும் எட்டே கால் கிராம் தூள் போட்டு, கொதித்து இறக்கிச் சற்று ஆறின வெந்நீர் 150 மில்லி ஊற்ற வேண்டும். நாலு நிமிஷம் கழித்து மேலே படர்ந்திருக்கும் ஆடையைக் கரண்டியால் விலக்கும்போது மூக்கை அருகே கொண்டுபோக வேண்டும். பிறகு நுரையை நீக்கிவிட்டு, இளஞ்சூடானதும் ஒரு கரண்டி எடுத்து, "ஸ்" என்ற ஓசையுடன் உறிஞ்ச வேண்டும். விருந்தில் சத்தம் போட்டு உறிஞ்சுவது மரியாதையென்று கருதப்படும் ஒரே சந்தர்ப்பம் இதுதான்; குழந்தைகள் இதற்காகவே ஆர்வத்துடன் கூடுவார்கள். அவர்களுக்கு முகர்வது மட்டும் போதும். பாலும் சர்க்கரையும் இல்லாமல் காப்பியா என்று பெரியவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். மூன்றாவது கிண்ணத்தில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியத் தொடங்கியதும் சுளிப்பு மறைந்துவிடும். இரவுத் தூக்கத்துக்கு அஞ்சுகிறவர்கள் நிபுணர்களைப் போலத் துப்பிவிடலாம்.

புகை உணவுக்கும் நாம் பிற தேசத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. தணலில் சுட்ட கத்திரிக்காய்த் துவையல் இருக்கிறது. சுட்ட அப்பளம் இருக்கிறது. புகை மூட்டம் போட்டுப் பழுத்த மலைவாழைப்பழம் இருக்கிறது. அசைவர்களுக்கு, சூரை மீனை அவித்துப் புகையிலிட்டு வெயிலில் உலர்த்திய மாசிக் கருவாடு இருக்கிறது. வறுத்த காப்பியிலும் அந்தக் குவாயகால் என்னும் புகை மணம் உண்டாகையால், இவை காப்பியுடன் ஒட்டி உறவாடும். கடைசியில் அந்தத் தோட்டத்து மிளகைப் புதிதாக இடித்துப் போட்ட ரஸம். பாட்டிமார்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

இதில் விளையாட்டுக்கு மேற்பட்ட பிரயோஜனமும் இருக்கிறது. ருசி பார்த்து, "இந்தத் தோட்டத்துக் காப்பிதான் வேண்டும்" என்று பெயர் சொல்லிக் கேட்கும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால், மூட்டையோடு மூட்டையாகப் போய்க்கொண்டிருந்த சரக்குக்கு ஒரு பெயர் கிடைக்கிறது. பெயர் கிடைத்தால் விலை கிடைக்கிறது. ஹெர்மிட்டாஜ் குன்று பெயர் பெற்றதும், அதைக் கேட்டு வாங்கியவர்களால்தான். கூடுதல் விலையில் ஒரு பங்கு கூலியாக மாற வேண்டும் என்று கேட்பதற்கும், அந்தக் கூலி வீட்டுக்குப் போய்ச் சேரும் வழியைப் பார்ப்பதற்கும், வாங்குகிறவர்களுக்கு அப்போது ஓர் உரிமை உண்டாகிறது.

நம் நண்பரின் மனைவி மறு சனிக்கிழமை முதல் கூலியை அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்து வருகிறார் என்று அறிகிறோம். சட்டம் செய்யத் தவறியதை வீடுகள் செய்யலாம் என்பதற்கு இது ஒரு சிறு அத்தாட்சி. இந்தக் கோடையில் மலையேறும் வாசகர்கள், இறங்கும்போது ஒரு படி காப்பிக் கொட்டையும் அரைப் படி மிளகும் வாங்கி வாருங்கள். வாங்கும்போது, தோட்டத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.